வடசென்னையில் பயிற்சி மருத்துவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மருத்துவம் பயிலும் பிள்ளைகளின் நகர வாழ்க்கையைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையோடு தொடர்புடையவை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், எழுதியவரின் ஊரையும் நிலையையும் மட்டுமே குறிப்பிட்டுள்ளோம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகள் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, பொது மருத்துவத்தில் முதுநிலைப் படிப்புக்காக வடசென்னைக்கு வருகிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் சென்னையில் வாழ்ந்ததில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் உறவினர்கள் முகம் மாறுவதைப் பார்த்து எங்களுக்கும் பயம் வந்துவிட்டது. விடுதியில் தங்கச் சொல்வதா, வெளியே வீடு பார்ப்பதா?
— ஒரு தந்தை, சங்கரன்கோவில்

பதில்: ஐயா, உறவினர்கள் சொல்வதை ஒதுக்கி வைத்துவிட்டு ஒருமுறை நேரில் வந்து ஊரைப் பாருங்கள். ராயபுரமும் பழைய வண்ணாரப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் இந்த நகரத்தின் பழைய குடியிருப்புகள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜாபேட்டை அருகே உள்ள வாலாஜா சாலை நிலையத்துக்குப் புறப்பட்டது. துறைமுகத்தையும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தையும் நம்பி வாழும் மக்கள் விடியுமுன்னரே தெருவில் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். கடைகளும் டீக்கடைகளும் சீக்கிரம் திறந்துவிடும். அகாலத்தில் பணி முடிந்து வரும் ஒரு பெண் மருத்துவருக்கு, ஆளரவமற்ற புதிய புறநகர்களைக் காட்டிலும் இப்படிப்பட்ட தெருக்களே பாதுகாப்பானவை என்று நான் கருதுகிறேன்.

முதல் ஆண்டு அவர் விடுதியில்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. முதுநிலை மாணவர்களுக்குத் தகுந்த தங்குமிடம் அளிப்பது கல்லூரியின் கடமை என்றும், அங்கே தங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் மாணவருக்கு இல்லை என்றும் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகள் கூறுகின்றன. ஆகவே தேர்வு உங்கள் மகளுடையது. ஆனால் முதல் ஆண்டில் இரவு எந்த நேரத்திலும் வார்டிலிருந்து அழைப்பு வரும்; வார்டுக்கும் அறைக்கும் நடந்து செல்லும் தொலைவு மட்டுமே இருந்தால் இடையில் கிடைக்கும் அரை மணி நேரம்கூடத் தூக்கமாக மாறும். விடுதி அறை சிறியதாக இருக்கலாம், மெஸ் சாப்பாடு பிடிக்காமல் போகலாம். அவற்றையெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டில் வெளியே வர விரும்பினால், வாடகையை விசாரிப்பதற்கு முன் தண்ணீரை விசாரியுங்கள். கடலோரப் பகுதி என்பதால் பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும். குடிநீர் வாரியத் தண்ணீர் வருகிறதா, எந்த நேரத்தில் வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் மட்டுமன்றிப் பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். அடுத்து, படுக்கையறையைப் பகலில் போய்ப் பாருங்கள். உங்கள் மகள் பல நாள்கள் பகலில்தான் உறங்கப் போகிறார். எண்ணூர் விரைவுச் சாலையையும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையையும் ஒட்டிய வீடுகளில் கன்டெய்னர் லாரிகளின் ஓசை ஓயாது. உள் தெருவில், சன்னலை மூடினால் இருட்டாகும் அறையாக இருப்பது நல்லது. மழைக்காலத்தை எண்ணித் தரைத்தளத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

முன்பணத்தைப் பொறுத்தவரை, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. பத்து மாத முன்பணம் கேட்பது இந்த நகரத்தின் பழைய வழக்கம். கேட்டால் சட்டத்தைச் சொல்லிப் பேசுங்கள், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். தனியார் மகளிர் விடுதி என்றால், 2014ஆம் ஆண்டு மகளிர் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உரிமத்தைக் காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம்.

போக்குவரத்து இப்போது எளிது. நீங்கள் எழும்பூரில் இறங்கினால் மெட்ரோவில் சென்ட்ரல் வரை சென்று, அங்கே மாறி வண்ணாரப்பேட்டைக்கு வந்துவிடலாம். 2021 பிப்ரவரியிலிருந்து அந்தத் தடம் விம்கோ நகர் வரை செல்கிறது. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலும் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாகவே போகிறது. பெருமழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்கிப் போக்குவரத்து நின்றுவிடுவது உண்டு என்பதால், ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் மருத்துவமனை இருக்கிறதோ அந்தப் பக்கமே வீடு பார்ப்பது நல்லது.

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். முடித்து ஓராண்டு கட்டாயப் பயிற்சியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். சமுதாய மருத்துவத்தில் 12 வாரம் போட்டிருக்கிறார்கள். நகர்ப்புற சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுப்பதைத் தவிர வேலை இல்லை. இந்த நாள்களை முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கப் பயன்படுத்தினால் என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
— பயிற்சி மருத்துவர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: தம்பி, ஹவுஸ் சர்ஜன்களுக்கான 2021ஆம் ஆண்டு பயிற்சி விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். பொது மருத்துவத்துக்கு 6 வாரங்கள், அறுவை சிகிச்சைக்கு 6 வாரங்கள், மகப்பேற்றுக்கு 7 வாரங்கள், குழந்தை மருத்துவத்துக்கு 3 வாரங்கள். அந்த ஓராண்டில் ஒரே துறைக்கு ஒதுக்கப்பட்டுள்ள மிக நீண்ட காலம் உங்களுக்குச் சலிப்பூட்டும் இந்த 12 வாரங்கள்தான். நாடெங்கும் பொதுவான இந்த ஏற்பாடு வடசென்னையில் இருமடங்கு பயன் தரும் என்பதற்குக் காரணம் சொல்கிறேன்.

நீங்கள் சர்க்கரை மாத்திரை எழுதிக் கொடுக்கும் காசிமேட்டு மீனவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விசைப்படகில் கடலுக்குப் போனால் அவர் பல நாள்கள் கழித்துத்தான் கரைக்கு வருவார். படகில் வேளைக்குச் சாப்பாடு இல்லை, மாத்திரை நனைந்துபோகும், சர்க்கரை திடீரெனக் குறைந்து மயங்கினால் அருகில் மருத்துவர் இல்லை. ஆகவே அவர் மாத்திரையைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகிறார். வார்டில் இருக்கும் மருத்துவர் இவரைக் கால் அழுகிய நிலையில் சந்தித்து, கேஸ் ஷீட்டில் 'ஒழுங்காக மருந்து எடுக்காதவர்' என்று எழுதுவார். அவர் எத்தனை நாள் கடலில் இருப்பார், அங்கே என்ன சாப்பிடுவார், எந்த மருந்து கொடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்காது என்று கேட்டு மருந்தை மாற்றி எழுதும் வாய்ப்பு சுகாதார நிலையத்தில் அமர்ந்திருக்கும் உங்களுக்குத்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கும் அந்த நாள்களில் அவர்களை வரவழைத்துக் கண், கால், சிறுநீரகம் மூன்றையும் சோதித்துவிட்டால், ஆண்டின் மற்ற மாதங்களில் வார்டில் சேரும் பல நோயாளிகளைத் தடுத்துவிடலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர் அக்காக்களுடன் ஒரு நாள் வீடு வீடாகச் சென்று வாருங்கள். எந்த வீட்டில் மாத்திரை அலமாரியில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது என்பதை அவர்கள் உங்களுக்குக் காட்டுவார்கள்.

மழைக்குப் பிறகு காய்ச்சலோடு வருபவரிடம் தேங்கிய நீரில் நடந்தாரா என்று கேட்கவும் இங்கேதான் பழக வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலில் உள்ள சிறு புண் வழியாகக்கூட லெப்டோஸ்பைரா கிருமியை உடலுக்குள் கொண்டு சேர்க்கும். கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்களும் கொண்ட காய்ச்சலை, மஞ்சள் காமாலையும் சிறுநீர்க் குறைவும் வருவதற்கு முன்பே சந்தேகிக்கும் மருத்துவர் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார். தேர்வில் இது ஒரே ஒரு கேள்விதான்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசநோயாளியைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதி மருத்துவ மையம், மதராஸ் நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தும் மற்றவர்களைச் சானடோரியத்தில் சேர்த்தும் ஒப்பிட்டுப் பார்த்தது. நெருக்கடியான வீடு, குறைந்த உணவு, வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் என எல்லாம் இருந்தும் வீட்டில் மருந்து எடுத்தவர்கள் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் வெளிவந்த அந்த முடிவு உலகின் காசநோய் மருத்துவத்தையே மாற்றியது. நோயாளியின் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த பணியாளர்கள் இல்லாமல் அந்த ஆய்வு நடந்திருக்காது. நீங்கள் செய்யும் வேலையும் அதே வகையைச் சேர்ந்தது.

தேர்வுக்குப் படிக்கத்தான் வேண்டும். இந்தப் பணியில் இரவு டியூட்டி குறைவு. மாலையில் மூன்று மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். காலையில் மட்டும் புத்தகத்தை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: முதுநிலை முதலாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் யூனிட் புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளன்று காலையில் தொடங்கும் வேலை மறுநாள் மாலை வரை நீள்கிறது. சென்ற வாரம் விடியற்காலையில் ஒரு மருந்தின் அளவைப் பத்து மடங்காக எழுதிவிட்டேன். செவிலியர் பார்த்துத் திருத்தினார். அன்றிலிருந்து பேனாவை எடுக்கவே பயமாக இருக்கிறது. சீனியர்களிடம் சொன்னால் 'நாங்களும் இப்படித்தான் வந்தோம்' என்கிறார்கள்.
— முதுநிலை மாணவி, வடசென்னை

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அதை உங்கள் திறமைக்கு எதிராகத் திருப்பிக்கொள்ளாதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்கும், 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் 0.10 விழுக்காடு இருப்பவரின் அளவுக்கும் குறைந்துவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 விழுக்காடு. வண்டி ஓட்டவே தகுதியற்றது என்று சட்டம் கருதும் நிலையைத் தாண்டிய ஒருவரிடம் இன்சுலின் அளவைக் கணக்கிடச் சொல்கிறோம் என்பதை உங்கள் சீனியர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'நாங்களும் இப்படித்தான் வந்தோம்' என்பவர்கள் வந்த வழியில் நோயாளிகளும் இருந்தார்கள்.

விதிமுறை உங்கள் பக்கம் இருக்கிறது. முதுநிலை மாணவர்கள் உள்ளிட்ட உறைவிட மருத்துவர்களின் தொடர் பணி ஒரு நாளில் வழக்கமாக 12 மணி நேரத்தையும் ஒரு வாரத்தில் 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்று ஒன்றிய அரசின் 1992ஆம் ஆண்டு ரெசிடென்சி உத்தரவு சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் எண்ணிக்கை எதையும் குறிப்பிடாமல் நியாயமான பணி நேரம், நியாயமான ஓய்வு என்று மட்டுமே கூறுகின்றன. எண்ணிக்கையை விட்டது பெரிய குறை என்பது என் உறுதியான கருத்து. என்றாலும் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறையும் ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. தனியாகப் போய்க் கேட்டால் உங்களைச் சோம்பேறி என்பார்கள்; உங்கள் ஆண்டைச் சேர்ந்த எல்லோரும் சேர்ந்து, அட்மிஷன் நாளுக்கு மறுநாள் நண்பகலுக்கு மேல் யார் வார்டைப் பார்த்துக்கொள்வது என்ற பட்டியலோடு துறைத் தலைவரிடம் செல்லுங்கள். குறையை மட்டும் சொல்லாமல் மாற்று ஏற்பாட்டையும் கையில் கொண்டு போனால் கேட்கும் தலைவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி வந்த பட்டியல்களில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஏற்பாடு மாறும் வரை நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் உடல் இயல்பாகவே மிகவும் தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் எழுதும் இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், குழந்தைகளுக்கான எந்த மருந்தாக இருந்தாலும், அளவை வாய்விட்டுச் செவிலியரிடம் சொல்லி, அவர் திருப்பிச் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள். உங்கள் தவறைப் பிடித்த அந்தச் செவிலியருக்கு நேரில் நன்றி சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்; இல்லையென்றால் நாளையே சொல்லுங்கள். மருத்துவர் முகம் சுளிப்பார் என்று தயங்கும் செவிலியர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். இரவில் இருபது நிமிடம் படுக்க இடம் கிடைத்தால், ஹவுஸ் சர்ஜனிடம் எந்தப் படுக்கை நோயாளிக்கு எது நடந்தால் எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தயங்காமல் படுங்கள். வார்டை ஒப்படைக்கும்போது வாயால் மட்டும் சொல்லாமல் எழுதி ஒப்படையுங்கள். அதிகாலையில் ஒரு நோயாளியைப் பார்த்து என்னவென்று புரியவில்லை என்றால் அசிஸ்டென்ட் புரொஃபசரைத் தொலைபேசியில் எழுப்புவது உங்கள் கடமை. 'எனக்குத் தெரியவில்லை, வந்து பாருங்கள்' என்று சொல்லத் தெரிந்த முதலாம் ஆண்டு மாணவரை நம்பித்தான் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன். பணி முடிந்த பின் இருசக்கர வாகனத்தை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு ஆட்டோவிலோ மெட்ரோவிலோ செல்லுங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கண் சொக்கி ஓட்டுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

கேள்வி: காஷுவால்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) தையல் போடும்போது ஊசி விரலில் குத்திவிட்டது. நோயாளிக்கு எந்த நோயும் இருப்பதாகத் தெரியவில்லை. வேலை மிகுதியால் யாரிடமும் சொல்லவில்லை. இனி என்ன செய்வது?
— பயிற்சி மருத்துவர், தண்டையார்பேட்டை

பதில்: என்றைக்குக் குத்தியது என்று எழுதவில்லை. 72 மணி நேரம் கடக்கவில்லை என்றால் இதை வாசித்தவுடன் எழுந்து மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை. தொடங்கினால் 28 நாள்கள் விடாமல் எடுக்க வேண்டும். நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்காமல் அவருக்கு நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. நாள்கள் கடந்துவிட்டாலும் போய்ப் பதிவு செய்து, உங்கள் இரத்தத்தை இப்போதும், பின்னர் அவர்கள் சொல்லும் நாள்களிலும் சோதித்துக்கொள்ளுங்கள்.

எச்.ஐ.வி. பாதித்தவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 300இல் 1 மட்டுமே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். 100இல் 30 வரைகூட இருக்கலாம். ஆகவே மூன்று தவணைத் தடுப்பூசியையும் முடித்துவிட்டீர்களா, அதன் பின் எதிர்ப்பாற்றல் 10 அலகுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மற்ற மாணவர்களுக்காக ஒன்று: குத்திய உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவ வேண்டும். விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. கழுவிய கையோடு தையலை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள். எந்த வேலை மிகுதியும் இதற்குத் தடையாகக் கூடாது.

கேள்வி: இரவு டியூட்டியில் என்ன சாப்பிடுவது? பரோட்டாவும் டீயுமாகவே ஓடுகிறது.
— பயிற்சி மருத்துவர், ராயபுரம்

பதில்: டியூட்டிக்குப் போகும் முன் வயிறு நிறைய, சோறும் பருப்பும் காயுமாகச் சாப்பிட்டுவிடுங்கள். நள்ளிரவுக்கு மேல் வேர்க்கடலை, வாழைப்பழம், அவித்த முட்டை போதும். எண்ணெய்ப் பண்டம் தூக்கத்தைக் கூட்டும். காலையில் தூங்கப் போகிறீர்கள் என்றால் அதிகாலை 2 மணிக்குப் பின் டீ வேண்டாம். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்க்குச் சூடாகக் கிடைக்கும். காலையில் பணி முடிந்து அங்கே சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது நல்ல வழக்கம். தண்ணீர் பாட்டிலைப் பையிலேயே வையுங்கள். பிரசவ வார்டில் நிற்கும் பெண் மருத்துவர்கள் கழிப்பறை வசதிக் குறைவால் தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். டியூட்டி அறைக்குப் பூட்டுள்ள கழிப்பறை வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: காஷுவால்டியில் ஒருவரை அழைத்து வந்தால் கூடவே இருபது பேர் வருகிறார்கள். சத்தம் போடுகிறார்கள். ஒருமுறை என் நண்பரின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். இந்தப் பகுதி மக்களே இப்படித்தானா?
— பயிற்சி மருத்துவர், திருவொற்றியூர்

பதில்: கடைசி வரியை நீங்கள் மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் தெருவே கூடி ஆட்டோ பிடித்து, பணம் திரட்டி, தூக்கிக்கொண்டு வருவது இந்தப் பகுதியின் பண்பு. அந்த இருபது பேரில் இரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர் பத்துப் பேராவது இருப்பார். அவர்களுக்குத் தேவைப்படுவது செய்தி. நோயாளி உள்ளே போன ஐந்து நிமிடத்துக்குள் வெளியே வந்து, 'நெருங்கிய சொந்தம் யார்?' என்று கேட்டு, அவரை ஓரமாக அமர வைத்து, என்ன பார்த்தோம், என்ன கொடுத்திருக்கிறோம், அடுத்து எப்போது வந்து சொல்வோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் மறுபடி வாருங்கள், புதிய செய்தி இல்லை என்றாலும் வாருங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'பார்க்கிறோம்' என்று மழுப்பிவிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பின் இறப்பைச் சொல்லும்போதுதான் துக்கம் கோபமாக மாறுகிறது. அதையும் தனியாக நின்று சொல்லாதீர்கள். மூத்த மருத்துவரோடும் செவிலியரோடும் சேர்ந்து நின்று சொல்லுங்கள்.

கை வைப்பது வேறு. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே காவல்துறையில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒன்றிய சுகாதாரத் துறை 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது. உங்கள் நண்பர் தனியாளாகப் புகார் எழுதி அலைய வேண்டியதில்லை. நடந்ததைத் தேதியும் நேரமும் குறித்து எழுத்தில் நிர்வாகத்திடம் கொடுத்து, மருத்துவமனையின் பெயரில் புகார் அளிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி முதுநிலை அறுவை சிகிச்சை படிக்கிறான். முன்பெல்லாம் தினமும் பேசுவான். இப்போது அழைத்தால் எடுப்பதில்லை. எடுத்தால் 'படிப்பை விட்டுவிடுகிறேன்' என்கிறான். சாப்பிடுவதும் குறைந்துவிட்டதாக அவனுடைய அறை நண்பர் சொல்கிறார். அம்மாவிடம் சொல்லவில்லை.
— ஓர் அக்கா, விழுப்புரம்

பதில்: அம்மா, இந்த வாரமே நேரில் போங்கள். தொலைபேசியில் ஆறுதல் சொல்லும் கட்டத்தை இது தாண்டியிருக்கலாம். அறிவுரை எதுவும் சொல்லாமல் அவரை வெளியே அழைத்துச் சென்று சாப்பிட வையுங்கள், தூங்க வையுங்கள், பிறகு கேளுங்கள். 'உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?' என்று நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்கும் ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்கு வாயைத் திறக்க வழி செய்கிறது. ஆம் என்றால், அல்லது பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினால், அவரைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களும் அதில் பேசி வழி கேட்கலாம்.

அவர் தன் கல்லூரி மனநலத் துறைக்குப் போகத் தயங்குவார். உடன் பணியாற்றுபவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம் மருத்துவ மாணவர்களிடம் அதிகம். வேறு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். படிப்பை விடுவதா தொடர்வதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். விடுப்பு எடுத்து, சிகிச்சை பெற்று, நன்றாகத் தூங்கத் தொடங்கிய பின் அவரே முடிவு செய்யட்டும். விடுவதாக முடிவெடுத்தால் அதுவும் ஒரு முடிவுதான், எம்.பி.பி.எஸ். மருத்துவராக அவர் நிறைவாக வாழ முடியும். அம்மாவிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கு என்ன ஆனது என்று ஊகித்துக்கொண்டு தவிப்பதைவிடத் தெரிந்துகொள்வது அவருக்கும் நல்லது.

கேள்வி: என் வீட்டுக்காரரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். முதலில் ஒரு சின்ன டாக்டர் வந்து எல்லாம் கேட்டார். அப்புறம் இன்னொருவர் வந்து அதையே கேட்டார். காலையில் பெரிய டாக்டர் வந்து மறுபடி கேட்டார். எழுதி வைத்ததைப் படிக்கமாட்டார்களா? படிக்கிற பிள்ளைகள் எங்கள் மேல் கற்றுக்கொள்கிறார்களா?
— ஒரு வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை நேராகக் கேட்டதற்கு நன்றி. ஆம், அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். முதலில் வந்தவர் ஹவுஸ் சர்ஜன், அடுத்து வந்தவர் முதுநிலை மாணவர், காலையில் வந்தவர் அவர்களுடைய ஆசிரியர். எழுதி வைத்ததைப் படிப்பார்கள். ஆனாலும் நேரில் மறுபடி கேட்பதற்குக் காரணம் உண்டு. வலியோடு வந்து சேரும் இரவில் நோயாளி பாதியைத்தான் சொல்லுவார். மூச்சு சீரான பிறகுதான் இரண்டு மாதமாக இருமல் இருந்ததும், நாட்டு மருந்து சாப்பிட்டதும், மாத்திரையை நிறுத்தியதும் நினைவுக்கு வரும். மூன்றாவது முறை கேட்கும்போது வெளிவந்த ஒரு சொல்லால் நோய் பிடிபட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொருவரிடமும் முழுவதையும் சொல்லுங்கள், முன்பு சொன்னதோடு ஒத்துப்போகவில்லையே என்று தயங்க வேண்டாம்.

கற்றுக்கொள்ளும் மருத்துவர் பார்ப்பதால் உங்களுக்குக் குறைவு வரக் கூடாது என்பதற்காகத்தான் அவர் மேல் ஒருவரும் அவருக்கும் மேல் ஒருவரும் இருக்கிறார்கள். இன்று ஸ்டான்லி மருத்துவமனை என்று நாம் அழைக்கும் இடம் 1782இல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்தது. உங்கள் பகுதிப் பெரியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1938இல் அது மருத்துவக் கல்லூரி ஆனது முதல் அங்கே படித்துத் தேர்ந்த மருத்துவர்கள் அனைவருக்கும் கற்றுக் கொடுத்தவர்களில் உங்களைப் போன்ற வடசென்னைக் குடும்பங்களும் உண்டு. அதற்காக மாணவர்கள் உங்களுக்கு மரியாதை காட்டக் கடமைப்பட்டிருக்கிறார்கள். மாணவர்கள் கூட்டமாகப் படுக்கையைச் சூழ்ந்து நின்று, திரை இழுக்காமல் உடலைப் பார்க்க முற்பட்டால், 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் சிகிச்சை குறையாது. எந்த யூனிட், சீஃப் யார், பெரிய மருத்துவர் எந்த நேரத்தில் வார்டுக்கு வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த நேரத்தில் அவரிடமே கேளுங்கள். அடுத்த முறை போகும்போது பழைய சீட்டுகளையும், உங்கள் வீட்டுக்காரர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், வெளிக்கடையில் வாங்கியவை உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்று முதலில் வரும் அந்தச் சின்ன டாக்டரிடமே கொடுங்கள். அதில் உள்ளவற்றைப் பொறுமையாக எடுத்து எழுதுபவர் அவர்தான்.